மஞ்சள் ஒயரும் மேலேறும் கோடும்

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மேகமலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பிரசவத்துக்கென்று சின்னமனூருக்கு, அம்மா வீட்டுக்கு, வந்ததிலிருந்து தின்பது, தூங்குவது. பைத்தியம் பிடித்துவிடும். பரணில் கிடந்த என் காலேஜ் காலத்து வீடியோ கேம் பெட்டியை அம்மாதான் இறக்கித் தந்தாள், திட்டிக்கொண்டே. "புள்ளை பெறப் போறவளுக்கு வெளையாட்டுச் சாமான் கேக்குதாக்கும்."

பெட்டியிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். ஆபீஸ் வேலைக்கு வாங்கிய மானிட்டரில் இந்த மூன்றையும் சொருக ஓட்டையே இல்லை. அதனால் தேனியில் வாங்கிய கன்வெர்ட்டர். மஞ்சள் அதில். சிவப்பும் வெள்ளையும் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். கன்வெர்ட்டரின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச். தள்ளியதும் கலர்! தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

கொஞ்ச நேரம்தான். படத்தின் குறுக்கே ஒரு தடித்த கோடு, கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டே. ஆம்ப்ளிஃபயரில் 'ங்ங்ங்' என்று இரைச்சல். மஞ்சள் ஒயர் லூஸ் போல என்று அதன் இரும்பு வளையத்தைப் பிடித்தேன். சுரீர். முழங்கை வரைக்கும். ஒயரை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

குளியலறையிலிருந்து அம்மா: "என்னடி சத்தம் அங்கன?"

"ஒண்ணுமில்லம்மா, கை தவறிருச்சு."

சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள். அவரிடமும் போனில் சொல்லவில்லை. திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிடுவார்.

சாயந்தரம். பிள்ளை அசையவில்லை. சர்க்கரை போட்டுப் பால் குடித்தேன். இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். இல்லை. ஒருதரம் அசைந்த மாதிரி. என் பயம்தான் அசைந்ததோ என்னவோ.

புதன்

விடிந்ததும் ஆஸ்பத்திரி. அம்மாவிடம், "செக்கப் தேதிய மாத்திட்டாகம்மா" என்று ஒரு பொய். கூட வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நர்ஸ் வயிற்றில் மெஷினை வைத்துத் தேடினார். கரகர சத்தம் மட்டும். தேடினார், தேடினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு டக்டக்டக்.

"இந்தா ஓடுதுல்ல? இதுக்குப் போயி அழுறீக?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஷாக் அடிச்ச அன்னைக்கே வந்திருக்கணும். எங்க இருந்து அடிச்சதுன்னு மொதல்ல பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை விட்டான் ஒரு உதை. படுபாவி. அல்லது படுபாவிச்சி.

வியாழன்

வெயில். ரப்பர் செருப்பு, டெஸ்டர், வாய் நிறைய முருகா. எல்லாவற்றையும் அதே மாதிரி மாட்டி, தூரத்திலிருந்து சுவிட்சைப் போட்டேன். படம் பளிச். கோடு இல்லை, இரைச்சல் இல்லை. மஞ்சள் ஒயரில் டெஸ்டரை வைத்தாலும் எரியவில்லை. செவ்வாய்க்கிழமை அடித்தது இன்று எங்கே போனது? கெட்டுப்போன சாமான் என்றால் தூக்கி எறியலாம். நல்லா இருக்கிற சாமானைப் பார்த்துத்தான் இப்போது அதிக பயம். விளையாடவில்லை.

வெள்ளி

மறுபடி மழை. செருப்போடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று கோடு. கீழிருந்து மேலே.

அப்போதுதான் அம்மாவின் குரல்: "ஏ புள்ள, வா. ஒனக்கும் ரெண்டு கை எண்ணெய் வச்சு விடுறேன். ஹீட்டர் போட்டாச்சு."

செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல். மற்ற நாளெல்லாம் பச்சைத் தண்ணீர். எனக்கு அடுப்பில் வைத்த வெந்நீர். ஹீட்டர் ஓடுவது அந்த இரண்டு நாள் மட்டும். ஐயோ.

"தண்ணியத் தொடாதம்மா!" என்று கத்திக்கொண்டே போய் மெயினை இறக்கினேன். இந்த வயிற்றோடு எப்படி ஓடினேனோ.

"ஏண்டி கரண்டப் புடுங்குன? தலையெல்லாம் எண்ணெய்!"

மத்தியானம் எலக்ட்ரீசியன் பாண்டி அண்ணன் வந்தார். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "எர்த்த அந்தக் காலத்துல இரும்புக் குழாயில கட்டி விட்டுருக்காக. நீங்க பிளாஸ்டிக் குழாய் மாத்துனீகள்ல, அதோட எர்த்து அந்தரத்துல நிக்குது. ஹீட்டர்ல கசியிற கரண்டு மண்ணுக்குப் போகாம மானிட்டரு, ஆம்ப்ளிஃபயர்னு வீடு பூராம் சுத்துது. குளிக்கிற தண்ணியிலயும் இருக்கு."

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். "அதான் எண்ணெய் தேச்சுக் குளிக்கயில காலு ரெண்டும் மதமதங்குதா? நான் சுகருன்னுல்ல நெனச்சேன். தெனமும் பாகக்கா சாறு குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எம்புட்டு நாளாம்மா?"

"மழை புடிச்சதுல இருந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வயித்துல புள்ளைய வச்சிருக்கவ. பயந்துருவேன்னுதான்."

பாண்டி அண்ணன் போன பிறகு செவ்வாய்க்கிழமை சமாச்சாரத்தையும் ஆஸ்பத்திரிப் பொய்யையும் சொன்னேன். முதுகில் பளீரென்று ஒரு அடி வைத்தாள். அப்புறம் என் வயிற்றில் கை வைத்தவள், எடுக்கவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது, நான் சொல்லியும் எழுந்து போகவில்லை. காய்ந்துபோன எண்ணெய்த் தலையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.