குருவுக்கு வலிப்பு என்று நான் சொன்ன பொய்

திருகோணமலை
18.06.2006, ஞாயிறு

அன்பு மகன் தவராசாவுக்கு,

காளியாச்சி புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் மூச்சோட இருக்கிறம், நீயும் லண்டனில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரென்று சாட்டுச் சொல்லாமல் குளித்து, சுகமாய் இருப்பாய் என்று நம்புறன். என்ர எழுத்தைப் பார்த்துச் சிரியாதை, மூன்றாம் வகுப்போட நின்றவள் இவ்வளவு எழுதுறதே பெரிசு. பக்கத்தில் இருந்து உன்ர அப்பா பிழை பிடிக்கிறார், அவர் நாலாம் வகுப்பெல்லோ. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ எடுக்கேக்க தம்பி குரு கதவடியில் நின்று காது குடுக்கிறான், அதால்தான் கடிதம்.

குருவின் கதையைத்தான் எழுத வந்தனான். சித்திரையில் துறைமுகப் பக்கம் ஷெல் அடிச்ச நாளில் இருந்து பிள்ளை வகுப்புக் கதவைச் சாத்தினால் மூச்சு எடுக்க ஏலாமல் கைகால் விறைத்து நிற்கிறது உனக்குத் தெரியும். பதினாறு வயது, என்னைவிட ஒரு முழம் உயரம், மீசையும் அரும்பியிட்டுது, ஆனால் ஒரு பஸ் சத்தமாய்ப் போனால் என்ர சீலைத் தலைப்பைப் பிடிக்கிறான். முந்தியென்றால் பகிடி சொல்லியே அவனைச் சிரிக்க வைத்துப் போடுவன், இப்ப என்ர பகிடி ஒன்றும் எடுபடுகுதில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் நடிக்கிறான் என்று சொல்லி, இப்படியே வராமல் நின்றால் வரவு எடுக்கிற இடாப்பில் பெயரை வெட்டுவம் என்று எழுதி அனுப்பினவை. பெயரை வெட்டினால் பள்ளிக்கூட அட்டையும் இல்லை. அட்டை இல்லாத பதினாறு வயதுப் பொடியன் ஆமிச் சென்றியைத் தாண்டினால் பிடித்துக்கொண்டு போவினம் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

அதால் போன மாசம் அதிபர் கனகரத்தினம் சேருக்கு முன்னால் போய் நின்று, பயம் என்று சொன்னால் சிரிப்பினம் என்ற யோசனையில், பிள்ளைக்கு வலிப்பு ஐயா என்று ஒரு பொய்யை அவிழ்த்து விட்டனான். மனுசன் அப்படியே இளகிப் போனார். கதவடியில் இருக்க வாங்கு, கேட்காமல் வெளியே போகலாம், எல்லாம் கிடைத்தது. நானும் கோட்டில் வழக்கு வென்ற அப்புக்காத்து மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சொல்லிச் சிரிச்சனான்.

செவ்வாய்க்கிழமை திரும்ப வெடிச் சத்தம். குரு விறைத்துப் போக, வலிப்பு வந்திட்டுது என்று நாலு பொடியள் நல்ல மனதோடதான் அவனை நிலத்தில் கிடத்தி அமத்திப் பிடிக்க, இராசமலர் ரீச்சர் ஓடிப்போய் அலுமாரி பூட்டுற இரும்புத் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து அவன்ர கைக்குள் வைத்துப் பொத்தினவவாம். வலிப்புக்கு இரும்பு குடுக்கிறது நம்மட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே. அவனுக்கோ ஆமிக்காரர் தன்னைப் பிடித்துக்கொண்டு போகினம் என்ற நினைப்பு. உதறி எழும்பி, பொத்தின கையோட பள்ளிக்கூடக் கேற்றைத் தாண்டி நேரே சென்றிப் பக்கம் ஓடியிருக்கிறான். கைக்குள் எதையோ வைத்துக்கொண்டு ஓடி வாறவனை ஆமிக்காரன் என்னென்று நினைப்பான் சொல்லு. துவக்கை நீட்டி நில் என்று கத்த, இவனுக்குக் காதே கேட்கேல்லை. எங்கட சந்தி ஓட்டோக்காரர் கலீலுர் றஹ்மான் நானாதான் ஓட்டோவைக் குறுக்கால விட்டுக் குதித்து, இவனைக் கட்டிப்பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை, சுகமில்லாத பிள்ளை என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு விரலாய் விரித்துத் திறப்பைக் காட்டினவர். வீட்டிலும் அவர்தான் கொண்டுவந்து விட்டவர். தேத்தண்ணியில் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு, தங்கச்சி, இவனுக்கு உண்மையாய் என்ன வருத்தம், அடுத்தமுறை நான் அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது என்று கேட்டார்.

அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை திரும்ப அதிபரிட்டைப் போனனான். வலிப்பில்லை ஐயா, பயம்தான், பொய் சொன்னது நான், அமத்திப் பிடித்தால் பயம் கூடும், ஒருத்தர் பேசாமல் பக்கத்தில் நின்றால் பத்து நிமிசத்தில் தானாய் இறங்கும் என்று சொன்னன். ரீச்சர் அழுதிட்டா. அதிபர், இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆருக்கம்மா பயமில்லை, எனக்கும்தான் என்றார். ஓம் ஐயா, ஆனால் நீங்கள் விறைத்துப் போகாமல் கதிரையில் இருக்கிறியள், அவனுக்கு அது ஏலாது என்றன். மனுசனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கடைசியில், பெரியாஸ்பத்திரியில் டொக்டரின்ர துண்டு எடுத்துத் தாங்கோ, திங்கட்கிழமை வரட்டும், சத்தம் கேட்டால் ரீச்சர் அவனோட விறாந்தையில் நிற்பா, ஆனால் இன்னொருக்கா கேற்றைத் தாண்டினால் நான் வைத்திருக்க மாட்டன், பிள்ளையைச் சுடக் குடுத்தன் என்ற பழி எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போட்டார். அவரில் பிழை சொல்ல ஏலாது.

நீ போனில் அவனை ஆம்பிளையாய் இரு என்று ஏசாதை மகன். நீ ஏசிற ஒவ்வொரு நாளும் அவன் சாப்பிடுகிறானில்லை. பந்தடிச்ச கதை கேள், உன்ர சமையல் கருகின கதை சொல்லு, அதுக்குச் சிரிப்பான். அப்பா மருந்தை ஒழுங்காய்க் குடிக்கிறார், கவலைப்படாதை. அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டா, நல்லாய் இரு. ஆஸ்பத்திரித் துண்டு கிடைத்தால் ஒரு பிரதி அனுப்புறன், பத்திரமாய் வைத்திரு.

நாளைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. குரு தானே பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டைப் பெட்டி போட்டு மினுக்கிக் கதிரையில் போட்டிருக்கிறான். போ ராசா என்று வாயால் சொல்லுறன், மனம் வேண்டாம் வேண்டாம் என்குது. இந்தக் கடிதம் உன்ர கைக்கு வரேக்க இரண்டு கிழமை ஆகியிருக்கும், நாளைக்கு நடந்தது உனக்குப் போனில் தெரிந்திருக்கும். இப்ப எழுதிக்கொண்டிருக்கிற எனக்குத்தான் தெரியாது.

உன்ர அம்மா,
ஞானமணி