நீல அட்டை கைடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

போன வாரம் இங்கே கல்லூரியில் ஒரு கூத்து. ‘எங்கள் வீட்டுக் காலை’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என்னுடையதும், என் வகுப்பிலுள்ள இன்னொரு தமிழ்ப் பெண்ணுடையதும் வரிக்கு வரி ஒன்றாக இருந்ததாம். ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

வெளியே வந்ததும், “நீதானே என்னோடதப் பாத்து எழுதின?” என்று அவள் பாய்ந்தாள். எனக்கோ அவள்மேல்தான் சந்தேகம். மூன்று நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. நான்காம் நாள் அவள் பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. நீங்கள் எனக்கு வாங்கித் தந்த அதே நீல அட்டை கைடு! இருவரும் அதைத்தான் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறோம்.

இன்னொரு முறை நடந்தால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்களாம். பயப்படாதீர்கள், இந்த முறை ஆசிரியை திரும்ப எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

எழுத உட்கார்ந்தால் கைடிலுள்ள வீடுதான் நினைவுக்கு வருகிறது. நம் வீட்டில் காலையில் முதலில் கதவைத் திறப்பது யார், நீங்களா அம்மாவா? உடனே எழுதுங்கள்.

“அம்மாவுக்கு இருமல் சுத்தமா நின்னுடுச்சு, கவலப்படாம படி” என்று உங்கள் கடைசி மூன்று கடிதங்களிலும் ஒரே வரி வந்திருக்கிறது. அதை எந்த கைடைப் பார்த்து எழுதினீர்கள், அப்பா?

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்