பன்றிக்கு மேல் சிவப்புப் பட்டை

மகன் கோத்தியேவுக்கு அப்பா ஓப்ரி எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சுகமாயிருப்பதாக ஆயரின் தூதன் வந்து சொன்னான். அதை உன் கையெழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம்தான் எனக்கு இல்லை.

மலைக்கோட்டையைப் பிரபுவிடமிருந்தும் ஆற்றங்கரை நிலத்தை ஆயரிடமிருந்தும் பெற்ற அன்றே ஊரறியச் சொல்லி வைத்தேன், இருவருக்கும் சண்டை வந்தால் நான் பிரபுவோடு நிற்பேன், பன்றி பொறித்த என் கொடியோடு என் வீரர்கள் ஆயருக்குப் போவார்கள் என்று. வழக்கமும் அதுதான். இப்போது சண்டை மூண்டதும் அந்தக் கொடியை ஆயரிடம் ஒப்படைத்துவிட்டு வா என்றுதான் உன்னை அனுப்பினேன். நீயோ மண்டியிட்டு, கைகளைக் குவித்து ஆயரின் கைக்குள் வைத்து, அவருடைய ஆளாகவே ஆகிவிட்டாய். யார் கேட்டார்கள் உன் கையை? இனி உனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்ப வழியில்லை. கொடுத்த கையை உருவிக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன், பிரபுவுக்குக் கொடுத்த கையை நானும் உருவ மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, மதிலில் ஏறுகிறேன், இறங்குகிறேன், வைத்த கூழ் ஆறிப்போகிறது.

போன வாரம் பிரபுவின் சபையில் தளபதி பூகார் எல்லோர் காதிலும் விழும்படி, "என்ன ஓப்ரி ஐயா, உங்க பன்னிக்கொடி ரெண்டு கரையிலயும் நிக்குது, எவன் செயிச்சாலும் உங்களுக்கு விருந்துதான்" என்றான். சிரித்தார்கள். "ஆத்துப் பாலத்துல ஏறி அடிக்கறப்ப நான்தான்டா முதல் ஆளு, நீ என் முதுகுக்குப் பின்னால நின்னு விருந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். அந்தப் பாலத்தின் அக்கரை வாசல் காவலை ஆயர் உன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா வருகிறார் என்று நீ வாசலை விட்டு விலகினால் நம் பெயருக்கு இழுக்கு. விலகாதே. கேடயத்தை மட்டும் இடப்பக்கம் தாழ்த்திப் பிடிக்கும் அந்தக் கெட்ட பழக்கத்தை விடு, எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

உன் கொடி மழையில் நைந்துவிட்டதாமே, அம்மா புதிதாகத் தைத்துத் தூதனிடம் கொடுத்திருக்கிறாள். தகப்பன் உயிரோடிருக்கும்வரை மூத்த மகன் கொடியில் இருக்க வேண்டிய அந்தச் சிவப்புப் பட்டையைப் பன்றிக்கு மேலே வைத்திருக்கிறாள். அவசரத்தில் நீ பிரிக்க வேண்டியிருக்கும், லேசாக நூல் ஓட்டினால் போதும் என்றேன். "இழுத்தா வர்ற மாதிரி தைக்கவா சொல்றீங்க? போங்க அந்தப் பக்கம். பல்லால கடிச்சாலும் வராது" என்றாள். மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள்.

கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக. ஒன்றை மறக்காதே. பாலத்தில் நான் விழுந்ததாக யார் வந்து சொன்னாலும் அந்தப் பட்டையைத் தொடாதே. நீயே வந்து, என் தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரி.

இப்படிக்கு,
உன் அப்பா,
மொர்சே கோட்டை ஓப்ரி