நாக்கில் ஒட்டிய துண்டு

வியாழக்கிழமை, இரவு.

நேற்று என் மனைவி செல்வியை எரித்த இடத்தில் இன்று காலை பால் தெளித்தோம். சாம்பலைக் கிளறி எலும்பு பொறுக்கும்போது வெள்ளையாக ஒரு துண்டு கையில் வந்தது. எலும்பா, கல்லா என்று தெரியவில்லை. ஜியாலஜி வாத்தியார் பழக்கம், யோசிக்காமல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன். கல் ஒட்டாது, எலும்பு ஒட்டும்.

ஒட்டியது.

"மாப்ள! என்ன பண்றீங்க?" என்று அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டையும் கலயத்தில் போட்டு, மண்டபத்தூர் கடலில் கரைத்துவிட்டு வந்தோம்.

எலும்புக்குள்ளும் படிகம் உண்டு. கனிமத்தில் இருப்பதுபோலவே அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கி நிற்கும். தீயில் வெந்தால் அந்த வரிசை இன்னும் சீராகும். ஆனாலும் உயிர் செய்தது கனிமக் கணக்கில் வராது. வருஷா வருஷம் வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

வீட்டில் நான் கல்லை நக்கிப் பார்த்தால் செல்வி விடமாட்டாள். "மொதல்ல வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க, அப்பறந்தான் சோறு" என்பாள்.

மச்சான் இட்லி வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை.