காய வைத்த வில்லை

இன்று ஆய்வுக்கூட இழுப்பறையில் உன் பிலிம் டப்பி கிடைத்தது. உள்ளே பஞ்சின் மேல் அந்த வெள்ளை வில்லை. ஓரத்தில் நீ பூசிய வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கிறது. வெளியே திருப்பதி மழை.

ஒரே மேசையில் நாம் ஈயப்பொடி அரைத்தோம். மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே மின் இருமுனைகள் திசைமாறி, நிறுத்திய பிறகும் அப்படியே நிற்கும் பொருள்களுக்காக. உலையில் ஈயம் ஆவியாகிக் குறையும் என்று முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். "அந்தக் கூடுதல் எங்கடி போவுது?" என்று நீதான் கேட்டாய். அப்போதே உனக்கு வயிற்றுவலி. பேனா விரலில் நிற்கவில்லை.

ஈயமே இல்லாமல், பேரியமும் டைட்டானியமும் சேர்ந்த சிலிக்கேட்டில் இந்த வில்லையைச் செய்தாய். நம் ஆய்வுக்கு வழிகாட்டிய சார் சொன்னது ஒன்றுதான்: "லூப் வந்தா இதையே செய்மா. லேகுண்டே, இல்லேன்னா, பழைய ஈய வேலைதான்."

இதுபோல ஒரு மழை நாளில் அளந்தோம். திரையில் கோடு புடைத்து வளையமானது, சார் கேட்ட லூப்; திரும்பிய திசை அப்படியே நிற்கிறது என்பதற்கு அடையாளம். "வளையல் போட்டுக்கிச்சுடி. இனிமே ஈயத்தத் தொட மாட்டேன்" என்று என் தோளைக் குலுக்கினாய். நான் வளையத்தின் முனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை கூராக இல்லை, உருண்டிருந்தன. ஈரம் குடித்த வில்லையில் மின்சாரம் கசிந்தாலும் அப்படித்தான் தெரியும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சரியான விடையைச் சொன்னால் போதும் என்றே படித்து வந்தவள்.

"ஒருவாட்டி காய வச்சிப் பாக்கலாமா?"

ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தோம். பிறகு திரையில் வெறும் கோடு.

"வாயே தொறக்காதவ, இன்னிக்குன்னு பாத்துத் தொறந்துட்ட" என்று சிரித்தாய். திங்கட்கிழமை மறுபடி ஈயக் கல்வத்தை எடுத்தாய்.

கோடைக்குள் உன் மணிக்கட்டு தொங்கிவிட்டது. ஈயம் ஏறி ஈறில் ஓடிய நீலக்கோட்டைப் பார்த்த வேலூர் டாக்டர், என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாராம். அதற்குள் சிறுநீரகம் ஓய்ந்திருந்தது. சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் உன் நைனாவும் என்னைக் கேட்டார்: "அங்க இன்னாதாம்மா அரைச்சிக்கினு இருந்தீங்க?" நான் மண்ணை அள்ளிப் போட்டேன்.

நான் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

இன்று வில்லையைக் காய வைக்காமலே அளந்தேன். வளையம் வந்தது. பொய் என்று தெரிந்தும், மழை விடும்வரை ஸ்விட்சை அணைக்கவில்லை.