வெங்கடாசலத்தின் பூட்டு

திண்டிவனம்,
12-2-1963

அன்புள்ள பகவதிக்கு,

நான் சுகம். குழந்தையின் இருமல் நின்றதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலையை உடைக்கிற எங்கள் மில்லில் ஒரு சங்கதி நடந்தது. மெஷின் தொட்டிக்குள் இறங்குகிறவர், வேறு யாரும் மெஷினை ஓட்டிவிடாதபடி, முதலில் சுவிட்சுப் பெட்டியில் தன் பெயர்ச் சீட்டோடு பூட்டுப் போட வேண்டும். அவரேதான் திறக்கவும் வேண்டும். ஃபிட்டர் வெங்கடாசலம் அப்படிப் பூட்டிவிட்டு, வேலை முடியுமுன் காய்ச்சல் கண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். நேற்றுக் காலை அவர் இறந்த செய்தி வந்தது. சாவி கிடைக்கவில்லை.

முதலாளி பூட்டை அறுக்கச் சொன்னார். அதற்குமுன் உள்ளே ஆள் இல்லையென்று பார்ப்பது என் பொறுப்பு. பூட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதால், தொட்டிக்குள் குனிந்து, "வெங்கடாசலம்" என்றேன்.

"அவரு மேலதான நிக்கிறாரு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஏறி வந்தது கூலியாள் முருகையன். விடியலிலேயே தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியிருக்கிறான்.

"உன் பூட்டு எங்கே?" என்றேன்.

"அண்ணன் பூட்டு தொங்குதுங்களே. அவருதான் பக்கத்துல நின்னுக்கினு, நான் பாத்துக்கறேன், எறங்குன்னாரு."

செய்தியைச் சொன்னதும் அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் பூட்டை அறுத்தோம்.

நீ பயப்படாதே. ஃபிட்டர் வேலை இப்போது எனக்கு. மில் பூட்டைத் தொட மனம் வரவில்லை. நம் வீட்டுப் பித்தளைப் பூட்டைப் பார்சலில் அனுப்பு. தபால் கட்டுகிற நேரமாகிவிட்டது. பூட்டோடு ஒரு சாவி மட்டும் போதும். மற்றது உன்னிடமே இருக்கட்டும்.

உன்,
தாணுமாலயன்