அட்டையில் முளைத்த இரண்டு விரல்கள்

கோமங்கலம்
4 ஆகஸ்ட் 2024

ஹாரிகாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். நீ குறுக்கே பேசாமல் நான் சொல்லி முடிக்க வேண்டும், அதற்காகத்தான் கடிதம்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வரும் வழியில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு கடையில் நீ வேலை செய்யும் ‘துள்ளிசை’ பத்திரிகை தொங்கியதைப் பார்த்தேன். அட்டையில் நான். மூன்று மாதமாக நாம் இரண்டு பேரும் காத்திருந்த அட்டை. மஞ்சள் பின்னணி, ரோஸ் நிற எழுத்து, நேராகப் பார்க்கும் கண். அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கிட்டாரைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். அதில் ஐந்து விரல் இருந்தது.

எனக்கு அந்தக் கையில் மூன்று விரல்தான் ஹாரிகா. நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு இதை எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினேழு வயதில் தென்னை நார் மில் உருளை இழுத்துக்கொண்ட மோதிர விரலையும் சுண்டு விரலையும் நீ கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுத்துவிட்டாய். எங்கம்மா அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “இப்படியே இருந்திருக்கலாமே கண்ணு” என்று அழுதாள். அவளை அழ வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

இணையத்தில் ஒருவன் எழுதியிருக்கிறான்: “அஞ்சு வெரலு இருந்தும் இவ்ளோதான் வாசிக்க வருதா?” மூன்று விரலுக்கென்று ஒவ்வொரு பிடியாக நானே கண்டுபிடித்து, தோல் உரிந்து, மறுபடி உரிந்து கற்றுக்கொண்டது அது. நீ ஒரே நாளில் என்னை அரைகுறையாக்கிவிட்டாய்.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

வளர்மதி


பீளமேடு
8 ஆகஸ்ட் 2024

என் வளருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இங்கே அறையில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் என் பக்கமும் கேள். பதினெட்டு வயதுப் பிள்ளை கடைமுன் நிற்பதே இரண்டு நொடி. கையில் போன் இருக்கிறது, பாட்டெல்லாம் அதிலேயே கிடைக்கிறது. காசு கொடுத்து ஒரு பத்திரிகையை அவன் எதற்கு வாங்க வேண்டும்? அட்டையில் இருப்பவளைப் பார்த்து ‘நானும் இவளைப் போல’ என்று தோன்றினால்தான் வாங்குவான். எழுத்து குறைவாக, நிறம் பளிச்சென்று, முகம் பெரிதாக இருக்க வேண்டும். அறையில் சுவர்மேல் ஒட்டி வைக்கத் தோன்ற வேண்டும். கண்ணை வேறு பக்கம் இழுக்கும் எதுவும் இருக்கக் கூடாது. காயத்தைப் பார்த்தால் பரிதாபம் வரும், பரிதாபப்பட்டவன் பாட்டைக் கேட்கமாட்டான்.

இதெல்லாம் நானாகச் சொல்வதில்லை. பத்திரிகை ஆசிரியர் ரவிதேஜா சார்தான் கையைச் சரி செய்யச் சொன்னார். “பசங்க பயந்துக்குவாங்கம்மா” என்றார். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை, அது என் தப்பு.

அந்த இதழ் இதுவரை வந்ததிலேயே அதிகம் போயிருக்கிறது. உன் பாட்டைத் தேடிக் கேட்கிறார்கள். கோபம் ஆறியதும் வா. உனக்குப் பிடித்த கடையில் காளான் வாங்கி வைக்கிறேன்.

உன்
ஹாரிகா


கோமங்கலம்
17 ஆகஸ்ட் 2024

ஹாரிகா,

காளானை நீயே சாப்பிடு.

நேற்று நடந்ததைக் கேள். எங்கள் தெரு வெங்கடம்மாள் அக்காவின் கை, போன மாதம் அதே மில்லில், அதே உருளையில் மாட்டியது. மணிக்கட்டோடு போய்விட்டது. உருளைக்குத் தடுப்பு இருந்தது, அக்காதான் கவனக்குறைவு என்று மில்லில் சொல்கிறார்கள். தடுப்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஐந்து வருடம் முன்பு என் விரல் போனதே அதற்குச் சாட்சி. அதைச் சொல்லத்தான் தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் போனேன். பதினேழு வயதென்பதால் அப்போது என் பெயரை வருகைப் பதிவில் ஏற்றவில்லை. சிகிச்சைச் சீட்டும் மில்காரர்கள் கையோடு போய்விட்டது. என் வாய்ச்சொல்லும் இந்தக் கையும்தான் எனக்கு ஆதாரம்.

மேனேஜர் பையிலிருந்து உன் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஏனுங்க சார், இது இந்த மாசத்துப் புஸ்தகமுங்க. இதுல பத்து வெரலும் இருக்குதுங்க. அப்புறம் எப்படிங்க அஞ்சு வருசத்துக்கு மின்னாடி எங்க மில்லுல போயிருக்கும்? வேற எங்கியோ கையக் குடுத்துபோட்டு எங்க தலைல கட்டறாங்க.”

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். வெங்கடம்மாள் அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். படத்தில் வேலை செய்திருக்கிறார்கள் என்றேன். “செஞ்சவங்களக் கூட்டிட்டு வாங்கம்மா” என்றார் ஆய்வாளர். அடுத்த விசாரணை செப்டம்பர் 2, திங்கள், காலை பதினொரு மணி.

வெளியே வந்ததும் ரவிதேஜா சாரைப் போனில் கூப்பிட்டேன். அவர் திகைத்துப்போனார். “கை அப்படியே இருக்கட்டும்னுதானேம்மா நான் சொன்னேன்? நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு ஹாரிகா சொல்லுச்சே” என்றார்.

நான் மாற்றச் சொன்னேனா?

விரலை ஒட்டினாய், சரி. என் வாயில் பொய்யையும் ஒட்டினாய். போன கடிதத்தில் அந்தப் பழியை இன்னொருவர்மேல் போட்டாய். எதற்கு என்று இப்போதாவது சொல். இனிமேல் பசங்க, மஞ்சள், ரோஸ் என்று எழுதினால் பிரிக்காமல் கிழித்துப்போடுவேன்.

வளர்மதி


பீளமேடு
21 ஆகஸ்ட் 2024

வளர்,

ரவிதேஜா சார் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

அட்டை அச்சுக்குப் போகும் முன்பு இரண்டு மாதிரி செய்து, கல்லூரி பஸ் ஸ்டாப் டீக்கடையில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஒன்றில் உன் கை இருக்கிறபடி, இன்னொன்றில் மாற்றியது. பிள்ளைகள் எடுத்ததெல்லாம் முதலாவதைத்தான். ஒரு பெண் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று, “அக்கா, இந்த வெரல வெச்சு எப்படிங்க வாசிக்கறாங்க? பாட்டு எங்க இருக்குது?” என்று கேட்டாள். பயந்தவர் யாரும் இல்லை. ஓர் அட்டை என்ன செய்ய வேண்டும் என்று படித்தேனோ அதை உன் கை செய்தது. நான் அந்த மாதிரியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியாது வளர். முதல் வருடத்திலிருந்தே. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன், கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்திருந்தேன். அட்டை வேலை நடந்த பத்து நாளும் உன் கை என் கம்ப்யூட்டர் திரை முழுக்க இருந்தது. அருவருப்பில் அடிக்கடி திரையை அணைத்தேன். எங்கள் தாத்தா நடத்திய மில்லிலும் இப்படி எத்தனை பேர் கை போனதோ என்று தோன்றியது. மாற்றியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த விரல்கள் என்னுடையவை. வேறு எதுவும் பொருந்தவில்லை. என் கையைப் படம் எடுத்து, உன் நிறத்துக்கு மாற்றி ஒட்டினேன்.

ரவிதேஜா சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த இதழ் அட்டை முழுக்க உன் கையை மட்டும் போடலாம் என்கிறார். வேறு எழுத்தே வேண்டாம். பெரிதாகப் பேசப்படும். நீ சரி என்றால் நானே செய்கிறேன்.

ஹாரிகா


கோமங்கலம்
24 ஆகஸ்ட் 2024

ஹாரிகா,

வேண்டாம். முதலில் மறைத்து விற்றீர்கள், இப்போது காட்டி விற்கப் பார்க்கிறீர்கள். அது பாட்டு வாசிக்கிற கை. தனியாக எடுத்து மாட்டி வைக்கிற பொருள் இல்லை. உள்ளே ஒரு பக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதி, மாற்றாத படத்தைப் போடச் சொல். அட்டைக்கு வேறு யாராவது கிடைப்பார்கள்.

நீ என்னைப் பார்க்க அருவருத்தாய் என்று படித்தபோது கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டில் அம்மா இருந்தாள். தோட்டத்துக்குப் போய்க் கத்தினேன்.

செப்டம்பர் 2-ஆம் தேதி வா. மாற்றாத படம், அது எடுத்த தேதி, நீ வேலை செய்த கோப்பு, எல்லாவற்றையும் கொண்டு வா. தாளில் எழுதி அனுப்பாதே. உன் வாயால் சொல்.

வளர்மதி


கோமங்கலம்
6 செப்டம்பர் 2024

ஹாரிகா,

நீ வந்தாய். மேனேஜர் “யாருங்க நீங்க?” என்று அதட்டினார். நீ, “அந்த ரெண்டு வெரலும் என்னுதுங்க சார்” என்று கையை மேசைமேல் வைத்தாய். ஆய்வாளர் அட்டையையும் உன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையை உன் கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நீ முகத்தைத் திருப்பவில்லை. எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ பஸ் ஏறிய பிறகு நடந்தது இது. ஆய்வாளர் அன்று மத்தியானமே மில்லுக்குப் போய் உருளையை நிறுத்தி வைத்துவிட்டார். தடுப்பு போடாமல் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் சாட்சியும் பதிவாகிவிட்டது. வெங்கடம்மாள் அக்காவின் கை திரும்பி வராது. இனி வேறு யாரும் அதில் கையை விட வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பும்போது அக்கா கேட்டாள்: “அந்தப் புள்ள உனக்கு என்ன வேணும் அம்மணி?”

வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, “ஒரே ரூம்ல இருந்தோமுங்க” என்றேன்.

எனக்குக் கோபம் போகவில்லை. நீ உண்மையைச் சொன்னதற்காக அது போக வேண்டும் என்று எதிர்பார்க்காதே. பொய் சொன்னது நீதான், உண்மையும் நீதான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் இசைக் குழுவில் மேளம் வாசிக்கிற சஹீர் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவான். கட்டிலுக்கடியில் இருக்கும் இரண்டு பெட்டியையும் என் போர்வையையும் கொடுத்து அனுப்பு. வாடகைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். நானே வந்து எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வந்தால் நீ டீ போட்டுக் கொடுப்பாய், நான் பேசிவிடுவேன்.

வளர்மதி